விருந்தாளிக் கையுறை

அண்ணாச்சி,

சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, வலியசாலையில் என் வீட்டு முன்னறையில், நெடிய ஆலோசனைக்குப் பிறகு ஒரு முடிவு எடுக்கப்பட்டது. நாணயச்சாலை அடுத்து வெளியிடப்போகும் நூறு ரூபாய் நினைவு நாணயத்துக்கு முன்பதிவு தொடங்கியிருந்தது. பதிவுப் பக்கத்தில் வழக்கம்போல இரண்டு கட்டங்கள். ஒன்று ப்ரூஃப், சேகரிப்பவருக்கென்றே கண்ணாடிபோல மெருகேற்றி அடிப்பது; மற்றது யு.என்.சி., புழக்கத்துக்கு அடித்து இன்னும் புழங்காதது. பதினோரு வருடங்களாக முதல் கட்டத்தில் மட்டுமே குறியிட்டு வந்த நான் இரண்டாவது கட்டத்தில் குறியிட்டேன். வீட்டில் அப்போது வேறு யாரும் இல்லாததால் முடிவு ஒருமனதாக நிறைவேறியது. கோயிலுக்குப் போயிருந்த மனைவி திரும்பியதும் செய்தியைத் தெரிவித்தேன். “செரி, காஸ் சிலிண்டர் புக் பண்ணேளா?” என்று கேட்டாள். அது மறந்துபோயிருந்தது.

நீங்களும் நானும் ஒரே நாளில் தொடங்கிய ஒரு வழக்கின் தீர்ப்பு இது. உங்கள் பக்கம் தீர்ப்பாகியிருக்கிறது. நீங்கள் போய் இரண்டு வருடமாகிவிட்டதால் எழுத்தில் தெரிவிக்கிறேன்.

தீர்ப்புக்குக் காரணம் ஒரு கறை. புதிதாகப் பதிவு செய்யுமுன் என்னுடைய முதல் ப்ரூஃபை ஒருதடவை எடுத்துப் பார்த்துக்கொள்வது என் வழக்கம். அலமாரியைத் திறந்து பெட்டியை இழுத்தேன். அதன்மேல் மடித்து வைத்திருந்த ஒரு ஜோடி வெள்ளைப் பருத்திக் கையுறை கீழே விழுந்தது. அதைப் பொறுக்கி ஒரு ஓரமாக வைத்துவிட்டு, நாணயத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தேன். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய பரப்பில் பழுப்பு நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் வைத்ததுபோல அத்தனை தெளிவு.

ப்ரூஃபில் விரல் பட்டால் அன்றைக்குத் தெரியாது. விரலின் எண்ணெயும் வியர்வையும் உலோகத்தை மெதுவாக அரித்து, வருடங்கள் கழித்து ஒருநாள் ரேகை தானாக மேலே வரும். பாதி வெள்ளி, மீதியில் பெரும்பகுதி செம்பு; போதாததற்கு இந்த ஊர்க் காற்றின் ஈரம். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், ரேகையைக் கண்ட கணத்தில் என் மனம் ஒரு பெயரைச் சொன்னது. உங்கள் பெயர்.

எரிச்சலோடு சொன்னது என்பதையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது.

நாம் பழகத் தொடங்கியதே உங்கள் விரல்களால்தான். சாலைக் கடைத்தெருவில் அந்தச் சைவ ஓட்டலின் கல்லாவில் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். அலுவலகம் போகும் வழியில் எனக்கு அங்கே ஒரு காபி. தெருவுக்கே நீங்கள் அண்ணாச்சி. என்னைவிட இரண்டு வயது இளையவர் என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்கு இந்த மலையாள ஊரில் பெயர் சாமி. எங்கள் தெரு ஆண்கள் எல்லோருக்கும் இந்த ஊர் வைத்திருக்கும் பெயர் அது. தகுதி எதுவும் விசாரிப்பதில்லை.

மற்றக் கல்லாக்களில் சில்லறையை அள்ளிக் கொட்டுவார்கள். நீங்கள் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நாணயத்தின் விளிம்பை மட்டும் பிடித்து, ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்தீர்கள். முகத்திலும் முதுகிலும் விரல் படவில்லை.

“என்ன அண்ணாச்சி, காசு சுடறதா?” என்று கேட்டேன்.

“இன்னைக்குத்தான் பேங்க்லேருந்து வந்த பை, சாமி. பளபளன்னு இருக்கு, பாத்தீங்களா? மூஞ்சியில கை வச்சா போச்சு. எப்படியும் நாலு கை மாறுனா போவத்தான் போவுது. நம்ம கையால போவாண்டாம்னு ஒரு இது.”

கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துக் காட்டினீர்கள். வங்கியிலிருந்து வரும் ஒவ்வொரு பையிலும் அடிபடாத நாணயமாகப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு உங்கள் காசைப் போட்டுவிடுவது உங்கள் பழக்கம். நானும் அப்போதுதான் நாணயம் சேர்ப்பது என்று முடிவு செய்து, அதைப் பற்றி மூன்று புத்தகங்கள் படித்து முடித்து, கையில் ஒரு நாணயமும் இல்லாமல் இருந்தேன். உங்களிடம் நாற்பது நாணயங்கள் இருந்தன. புத்தகம் ஒன்றுகூட இல்லை. இருவரும் சேர்ந்தால் ஒரு முழுச் சேகரிப்பாளர் ஆகலாம் என்று தோன்றியது.

ஊரில் ஒரு நாணயச் சங்கம் உண்டு. மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு வாசகசாலை மாடியில் கூடும். இருவரும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தோம். அப்போதைய செயலாளர், ஓய்வு பெற்ற ஆசிரியர், புதியவர்களுக்கு எப்போதும் சொல்லும் ஒரு புத்திமதியை நமக்கும் சொன்னார்: ப்ரூஃபா, யு.என்.சி.யா, இரண்டில் ஒன்றில் நில்லுங்கள், இரண்டிலும் கால் வைத்தால் எதுவும் முழுமையாகாது. அன்றைக்குக் கிழக்கேகோட்டை வரை நடந்து வந்தபோது நமக்குள் நடந்ததைத்தான் வழக்கு என்கிறேன்.

“நான் ப்ரூஃப்தான் அண்ணாச்சி. மெருகு போட்ட அச்சு, மெருகு போட்ட தகடு, ஒண்ணை ரெண்டு தடவை அடிச்சு எடுக்கறான். சேர்க்கறதுன்னு ஆனப்புறம் உசத்தியா சேர்க்கணும்.”

“உசத்திதான். ஆனா அது பொறந்ததுலேருந்து கூட்டுக்குள்ளயே இருக்குத காசு சாமி. கடைப்பக்கமே வராது. நமக்கு அது ஒத்து வராது கேட்டீங்களா.”

“யு.என்.சி.யும்தான் கடைக்குப் போகலை.”

“போவலை. ஆனா போவதுக்கு அடிச்சது. இன்னும் எறங்கல, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு உடுத்திட்டு வாசல்ல நிக்குத ஆளு மாதிரி.”

“அப்போ ப்ரூஃப்?”

“அது கல்யாண ஃபோட்டோ.”

நான் ரசித்துச் சிரித்தேன். மறு வாரமே அந்த உவமை நான் ஒரு பத்திரிகையில் எழுதிவந்த நகைச்சுவைப் பத்தியில், என் உவமையாக அச்சேறியது. நீங்கள் அதைப் படித்துவிட்டு, “நல்லா எழுதியிருக்கீங்க சாமி” என்றீர்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் நன்றி என்று சொன்னேன்.

சங்கத்தில் உங்களுக்கு ஒரு மதிப்பு உண்டானது. ஒரு நாணயத்தின் முகத்தில் இருக்கும் கீறலைப் பார்த்து, அது பையில் மேலே கிடந்ததா, அடியில் கிடந்ததா என்று சொல்வீர்கள். என் மூன்று புத்தகங்களிலும் அது இல்லை. ஒரு கூட்டம் முடிந்ததும் செயலாளர் உங்கள் தோளில் கை வைத்து, “சாரே, அடுத்த மாசம் ஒரு பத்து மினிட்டு சம்சாரிக்கணம்” என்றார். பேசுவதற்குத் தலைப்பும் அவரே கொடுத்தார்: புதிதாகத் தொடங்குகிறவர் எதை எப்படித் தேர்ந்தெடுப்பது.

மாடிப்படியில் இறங்கும்போது நீங்கள் இரண்டு படிக்கு ஒருதரம் நின்றீர்கள்.

“கேட்டீங்களா சாமி? சாரேன்னு விளிச்சாரு. இந்த ஊருக்கு வந்து முப்பது வருசம். அண்ணாச்சி சில்லறை, அண்ணாச்சி பில்லு. நம்மள சார்னு விளிச்சது இந்த ஒரு மாடியிலதான்.”

“பேசிடுங்கோ.”

“பேசலாம். ஆனா எழுதி வச்சு வாசிக்கணும், இல்லேன்னா நாக்கு ஒட்டிக்கும். நமக்கு மலையாளம் பேசத்தானே தெரியும், எழுதத் தெரியாதுல்லா.”

“நீங்க தமிழ்ல எழுதுங்கோ. நான் மலையாளத்துல ஆக்கித் தரேன். ஆபீஸ்ல அதுதானே என் வேலை.”

உண்மையிலேயே அதுதான் என் வேலை. தமிழ் மனுக்களை மலையாளத்தில் ஆக்கிக் கொடுப்பதற்காக அரசு எனக்கு மேசையும் மின்விசிறியும் கொடுத்திருந்தது.

இந்தப் பேச்சு நடப்பதற்கு ஒரு வருடத்துக்கு மேல் முன்பே கையுறை வந்துவிட்டது. முதல் ப்ரூஃபை வாங்கிய கையோடு, ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு ஜோடி கையுறையும் வரவழைத்தேன். நாணயம் வந்த அன்றே அதைப் பிளாஸ்டிக் கூட்டிலிருந்து எடுத்து வெறுங்கையால் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்குக் கையுறை தேவைப்படவில்லை. நான் குளித்துவிட்டு, கை கழுவிவிட்டு உட்காருகிறவன். அது வருகிறவர்களுக்காக.

நாணயம் பார்க்க என் வீட்டுக்கு வருகிறவர் நீங்கள் ஒருவர்தான்.

சனிக்கிழமை மதியம் ஓட்டலில் கூட்டம் குறைந்ததும் வருவீர்கள். முதல் நாள் கையுறையை நீட்டியபோது, “இது என்ன சாமி?” என்று கேட்டீர்கள். ப்ரூஃபுக்கு இதுதான் முறை என்றேன். போட்டுக்கொண்டீர்கள். உங்கள் கைக்கு அது சின்னது. விரல் நுனி முழுவதும் உள்ளே போகவில்லை. என் மனைவி காபி கொண்டுவந்தபோது கழற்றினீர்கள், குடித்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டீர்கள். வழுக்கிவிடுமோ என்று பயந்து, ஏந்தி வைத்ததுபோல நாணயத்தைப் பிடித்திருந்தீர்கள். அந்தச் சமயம் பார்த்து எதிர்வீட்டுக் கிச்சா உள்ளே வந்தான். “என்ன புதுக் காசா?” என்று கேட்டுக்கொண்டே உங்கள் கையிலிருந்து அதை வாங்கி, நடு உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தான். “ஓரத்தைப் பிடிச்சுக்கோடா” என்றேன். நீங்கள் கிச்சாவின் கையைப் பார்த்தீர்கள். பிறகு உங்கள் கையைப் பார்த்தீர்கள். பிறகு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தீர்கள்.

நீங்கள் போனபிறகு என் மனைவி தம்ளர்களை எடுக்க வந்தாள்.

“ஏன்னா, அந்தக் கையுறை யாருக்கு?”

“ஆத்துக்கு வர்றவாளுக்கு.”

“கிச்சாவுக்குக் குடுக்கலையே.”

“அவன் திடீர்னு வந்தான். அண்ணாச்சி நாளெல்லாம் ஊர்க் காசைத் தொடறவர். கையில எண்ணெய் இருக்கும்.”

“உங்க அப்பா காலத்துல பின்கட்டுல தனியா ஒரு டம்ளர் இருந்துதே. அதைக் கேலி பண்ணி நீங்க எழுதினதை நாலு பேர் ஃபோன் பண்ணிப் பாராட்டினா. இப்ப நீங்களே ஒண்ணு வாங்கிண்டு வந்துட்டேள்.”

இது விஞ்ஞானம் என்று சொன்னேன். அப்பா சுத்தம் என்று சொல்லுவார்.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில், நான் எடுத்துக் கொடுக்குமுன் நீங்களே அலமாரியிலிருந்து கையுறையை எடுத்துக்கொண்டீர்கள். ஒரே ஒருநாள், “எனக்குன்னு சாமி வீட்டுல ஒண்ணு இருக்கு பாத்தீங்களா” என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அதை நட்பின் அடையாளமாக எடுத்துக்கொண்டேன். எனக்கு வாசிப்பு அதிகம், ஆனால் அன்றைக்கு அந்த ஒரு வரியை வாசிக்கத் தெரியவில்லை.

உங்கள் உரைக்கு முந்தைய கூட்டம் வந்தது. மேசையில் ஒரு பழைய நாணயம் கைமாறிக்கொண்டிருந்தது. அது எந்த நாணயச்சாலையில், அதாவது எந்த மின்டில், அடித்தது என்று அடையாளம் காணும் விளையாட்டு. புதியவர்களுக்கு அதில் ஆசை அதிகம். மும்பையில் அடித்ததற்குக் குறி வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், கொல்கத்தாவுக்கு ஒன்றும் கிடையாது. இந்த நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே வட்டமாக ஒரு கறை இருந்தது. இது எது என்று யாரோ கேட்டார்கள்.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, மலையாளத்தில், ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னேன். இது நம் அண்ணாச்சியின் ஓட்டலில் அடித்தது, அதன் அடையாளம் சாம்பார்த் துளி, அதனால்தான் என் வீட்டில் இவருக்குக் கையுறை, இது சாம்பார் மின்ட் என்று.

இருபது பேர் சிரித்தார்கள். நான் எழுதிய எதற்கும் ஒரே சமயத்தில் இருபது பேர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒருவர் மேசையைத் தட்டினார். செயலாளருக்குப் புரையேறியது. நீங்களும் சிரித்தீர்கள். “நல்லாச் சொன்னீங்க சாமி” என்றீர்கள். பிறகு மேசைக்கு அடியில் கைக்குட்டையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டீர்கள். உங்கள் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்ததால் அது எனக்குத் தெரிந்தது. விரல்களில் ஒன்றும் இல்லை.

அடுத்த மாதம் நீங்கள் வரவில்லை. பத்து நிமிடத்தை வேறொருவர் எடுத்துக்கொண்டு தபால்தலை பற்றிப் பேசினார். மறுநாள் காலை ஓட்டலுக்கு வந்தேன்.

“என்ன அண்ணாச்சி, நேத்திக்குக் காணோம்?”

“ஞாயித்துக்கிழமை இங்க ஆளு தெரக்கு சாமி. ஒழிவே கிடையாது.”

“அடுத்த மாசம்?”

“பாக்கலாம்.”

மீதிக் காசை என் உள்ளங்கையில் நீங்கள் வைக்கவில்லை. சோம்பு வைத்திருந்த சின்னத் தட்டை என் பக்கம் நகர்த்தி, அதில் வைத்தீர்கள். அப்போதும் விளிம்பைப் பிடித்துத்தான், அப்போதும் ஒவ்வொன்றாகத்தான். அதன்பிறகு ஏழு வருடம் தினமும் அந்தத் தட்டிலிருந்துதான் எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமைகளில் நீங்கள் வருவது நின்றது. நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் சொல்லிவிடுவீர்களோ என்ற பயம். உங்களுக்குச் சில நாள் ஓய்வு கொடுப்பதாக எனக்கு நானே ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

மன்னிப்புக் கேட்டு நான்கு தடவை கடிதம் எழுதினேன். நான்கும் நன்றாக வந்திருந்தன. ஒன்றில், நகைச்சுவைக்காரனின் நாக்கு பற்றி ஒரு பத்தி இருந்தது. மிக நல்ல பத்தி. பெயர்களை எடுத்துவிட்டு அதைப் பத்திரிகைக்கு அனுப்பினேன். வெளிவந்தது. நீங்கள் படித்தீர்களா என்று தெரியாது. அந்தத் தடவை நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வருடம் முன்பு, ஒரு வாரம் வெளியூர் போய்விட்டு வந்த காலை, கல்லாவில் வேறொருவர் இருந்தார். சில்லறையை அள்ளி என் கையில் கொட்டினார். அண்ணாச்சி எங்கே என்று கேட்டேன். நெஞ்சுவலி, நான்கு நாளாயிற்று, ஊருக்குக் கொண்டுபோய் எல்லாம் முடித்துவிட்டார்கள் என்றார். எனக்குப் பின்னால் இரண்டு பேர் பில்லோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

ஒரு மாதம் கழித்து உங்கள் வீட்டுக்குப் போனேன். கரமனை ஆற்றுக்கு அந்தப் பக்கம். என் வீட்டிலிருந்து பதினைந்து நிமிட நடை. ஒன்பது வருடப் பழக்கத்தில் நான் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. உங்கள் மகள் கதவைத் திறந்தாள். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். யார் என்று நான் சொல்லுமுன், “சாமி அங்கிள்தானே?” என்றாள். கண்ணாடியை வைத்துக் கண்டுபிடித்தாளாம்.

உங்கள் ஆல்பத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்துப் பிரித்தாள். உறையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து நீட்டினாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், விளிம்பு. பத்து அடி தள்ளி நின்று பார்த்தால் உங்கள் கைதான். வாங்கக் கை நீட்டியவன், “கையுறை ஏதாவது இருக்காம்மா?” என்று கேட்டேன்.

“க்ளவ்ஸா? அது எதுக்கு அங்கிள்? ஓரத்தில பிடிச்சா போதும்னு அப்பா சொல்லித் தந்திருக்காரே. க்ளவ்ஸ் போட்டா வழுக்குமாம்.” பிறகு ஏதோ நினைவு வந்து சிரித்தாள். “அப்பா க்ளவ்ஸ் போட்டது உங்க வீட்டில மாத்திரம்தான். சனிக்கிழமை எறங்கும்போ சோப்புப் போட்டு முட்டி வரைக்கும் கை கழுவுவாரு. அம்மா கேட்பாங்க, ஆபரேஷன் பண்ணவா போறீங்கன்னு.”

உள்ளேயிருந்து உங்கள் மனைவியின் குரல், “சாமிக்குச் சாய இடட்டா?” என்று கேட்டது. டீ வேண்டாம் என்று சொன்னேன். பிறகு வேண்டும் என்று சொன்னேன்.

புறப்படும்போது உங்கள் மகள் ஒரு கவரைக் கொடுத்தாள். ஓட்டல் பில் தாள்களின் பின்பக்கத்தில், எண் போட்டு, பெரிய எழுத்தில் நீங்கள் தமிழில் எழுதிய உரை. ஏழு தாள்கள். “நீங்க மலையாளத்தில எழுதித் தர்றதா சொல்லியிருந்தீங்களாமே. அதுக்காக எடுத்து வச்சிருந்தாரு. எத்ர வருஷமா அந்த மேசைக்குள்ள கிடந்தது தெரியுமா?”

தெரியும். நானும் அதை என் மேசைக்குள் வைத்து இரண்டு வருடம் பூட்டினேன்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். ரேகையைக் கண்டு உங்கள் பெயரை நினைத்துவிட்டு, பத்து நிமிடம்போல எரிச்சலில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் என் பார்வை ஓரமாக வைத்த கையுறைமேல் போனது. நீங்கள் அந்த நாணயத்தைத் தொட்ட ஒவ்வொரு தடவையும் உங்கள் விரலுக்கும் அதற்கும் நடுவே இந்தப் பருத்தி இருந்தது. அதை இருக்கச் செய்தவன் நான்.

கிச்சாவாக இருக்கலாம் என்ற ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. பூதக்கண்ணாடியை எடுத்தேன். ரேகையின் வளையங்களைச் சாய்வாக வெட்டிக்கொண்டு ஒரு கோடு போனது. பத்து வயதில் அரிவாள்மணையில் வெட்டிக்கொண்டதன் தழும்பு என் வலது கட்டைவிரலில் இருக்கிறது. விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வேறு சாட்சி தேவைப்படவில்லை.

பூட்டைத் திறந்து உங்கள் தாள்களை எடுத்தேன். முதன்முறையாக முழுவதும் படித்தேன். “பையில் மேலே கிடப்பது வண்டியில் குலுங்கியது. அடியில் கிடப்பது பாரம் தாங்கியது. நடுவில் கையை விட்டு எடுக்க வேண்டும்” என்று மூன்றாவது தாள். ஐந்தாவது தாள் இப்படி: “ப்ரூஃப் நல்லது. யு.என்.சி.யும் நல்லது. தொடங்குகிறவர் எதை வாங்கினாலும் முதலில் ஓரத்தைப் பிடிக்கப் படிக்க வேண்டும். முகத்தைத் தொட்டால் இன்றைக்குத் தெரியாது. நாள் கழித்துத் தெரியும். தெரிந்த பிறகு துடைக்கக் கூடாது. துடைத்தால் கூடுதல் கெடும்.” கடைசித் தாளின் அடியில் ஒரு வரி: “இதெல்லாம் புத்தகம் படித்த சாமி எனக்குச் சொல்லித் தந்தது. அவருக்கு நன்றி.”

பத்தேகாலுக்கு யு.என்.சி. கட்டத்தில் குறியிட்டேன். பிறகு உட்கார்ந்து ஏழு தாள்களையும் மலையாளத்தில் ஆக்கினேன். இரண்டு மணி நேரம் ஆனது. ஒன்பது வருடம் தள்ளிப்போட்ட வேலை அவ்வளவுதான் இருந்தது.

உங்கள் மகளிடம் ஃபோனில் அனுமதி கேட்டேன். “வாசிங்க அங்கிள். எனக்கு வர முடியாது, ஞாயித்துக்கிழமையும் ஆபீஸ் உண்டு” என்றாள்.

நேற்று கூட்டத்தில் பதினான்கு பேர். செயலாளர் இப்போது ஒரு இளைஞர். சங்கத்துக்கு வந்து மூன்று வருடம், உங்களைப் பார்த்ததில்லை. பத்து நிமிடம் கொடுத்தார். உங்கள் பெயரைச் சொல்லி, உங்கள் உரையை வாசித்தேன். கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டேன், அது உண்மையில்லை என்பதால். பிறகு அந்த ப்ரூஃபை மேசையில் வைத்து, பக்கத்தில் என் கட்டைவிரலை வைத்து, பூதக்கண்ணாடியைச் சுற்றிவர விட்டேன். ஒன்பது வருடம் முன்பு இதே அறையில் இந்த மனிதரைப் பற்றி நான் ஒரு கேலி சொன்னேன், கறைபடிந்த கை அவருடையது அல்ல என்றேன். என்ன கேலி என்று எடுத்துச் சொல்ல வாய் வரவில்லை. இன்னொரு தடவை சிரித்துவிடுவார்களோ என்று பயந்தேன். பழைய ஆட்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கைதட்டினார்கள். எதற்கு என்று தெளிவாகவில்லை.

இப்போதெல்லாம் நான் சில்லறை கொடுக்கும்போது விளிம்பைப் பிடித்து ஒவ்வொன்றாகக் கொடுக்கிறேன். நேற்றுத் திரும்பி வரும்போது பேருந்து நடத்துநர், “ஒண்ணு வேகம் ஆகட்டே சாமி” என்றார். உங்கள் ஏழு தாள்களும் சட்டைப்பையில் இருந்தன. கையுறையை என் மனைவி அடுப்படியில் சூடான பாத்திரம் இறக்கப் பயன்படுத்துகிறாள்.

காட்சிக்கு வைக்கும் நாணயங்களைச் சங்கத்தின் பதிவேட்டில் ஏற்றுவது வழக்கம். கூட்டத்துக்கு வந்ததும் வெற்று வரிசையில் உரிமையாளர் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். விவரத்தைச் செயலாளர் பிறகு எழுதிக்கொள்வார். நேற்றுச் சாயங்காலம் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். கைரேகை விழுந்த நாணயத்துக்குச் சங்கத்தில் வழங்கும் சொல்லை, அவர் சேர்ந்த புதிதிலேயே மூத்தவர்கள் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். என் கையெழுத்துக்கு எதிரே, மையால், இப்படி எழுதியிருக்கிறது: ‘நூறு ரூபாய், ப்ரூஃப், சாம்பார் மின்ட்.’